தாச்சி

இடது காதுக்குள் கடல் வெடித்தது
சாம்பல்தீவுக்கு நேரே, பதினெட்டுப் பாகத்தில்.
மேலே வந்தபோது
வள்ளம் நேராகத்தான் நின்றது.
சரிந்தவன் நான்.

அதன்பிறகு தரை
கடன் வாங்கியவனைப்போல
என்னைக் கண்டதும் நழுவத் தொடங்கியது.
மத்திய வீதியில் நடந்தால்
ஆட்கள் கிட்ட வந்து மூக்கால் விசாரித்தார்கள்.
"சவிரியான் அண்ணை விடியவே போட்டுட்டார்"
என்றான் ஐஸ்கடைப் பொடியன்.
தேத்தண்ணி கூட அன்று குடித்திருக்கவில்லை.

டொக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.
இது திரும்பாது என்றார்.
சீட்டெழுதி அனுப்பிய அறையில் பஸ்லூனா மிஸ்,
கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்.
"தாய்ச்சி பழகுவம்" என்றார்.
எனக்குக் கேட்டது தாச்சி.
நல்ல காதாலும் அப்படித்தான் கேட்டது.
கோட்டை மறித்து நிற்பது,
கோட்டை விட்டு அரை அடி விலகாமல்
ஓடுகிறவனின் முதுகுக்குக் கை நீட்டுவது.
"கோடு எங்க மிஸ்?"
சிரித்துவிட்டு
என் இரண்டு பாதங்களுக்கும் நடுவே காட்டினார்.

"முழங்காலைப் பூட்டாதீங்க.
நாரியைத் தொங்க விடுங்க.
உச்சியில ஒரு நூல் இழுக்குது எண்டு நினையுங்க."
நினைத்தேன்.
தூண்டிலில் பட்டதுபோல் துடித்தேன்.
"பாரம் எங்க இருக்கு?"
ஐம்பத்தொரு வருடம் கொண்டு திரிந்த உடம்பு,
ஒருவரும் இதைக் கேட்டதில்லை.
தோளில், என்றேன்.
"இறக்குங்க. தொப்புளுக்குக் கீழ, மூண்டு விரல்."

ஈயப் பட்டி கட்டுகிற இடம்.

பழைய பற்றரி உருக்கி நானே வார்த்த எட்டுக் கட்டிகள்.
இடுப்பில் அது இறுகினால்தான் கடல் உள்ளே விடும்.
மேலே போகத் துடிக்கும் மூச்சு,
கீழே போகத் துடிக்கும் ஈயம்,
இரண்டும் ஓய்கிற ஓர் ஆழம் உண்டு.
அங்கே கை காலை அசைக்காமல் நிற்பேன்.
பாரைக் கூட்டம் என்னைப் பாறையென்று நம்பி
விலகிச் சுற்றிப் போகும்.

இல்லாத பட்டியை எடுத்துக் கட்டினேன்.
மூச்சை விட்டேன்.
குதிகால் சீமெந்தைக் கண்டுபிடித்தது.
பிறகு பெருவிரல்,
பிறகு மற்றவை,
சிப்பி வெட்டி ஆறிய சின்ன விரல் கடைசியாக.

சுகமாகிவிட்டதென்று சொல்லமாட்டேன்.
கண்ணை மூடினால் இன்னும் அறை சுழலும்.
டச்சுக்குடா மணலில் விடியற்காலைகளில்
நான் ஒற்றைக் காலைத் தூக்கும்போது
ஐஸ்கிறீம் தாளை மென்றபடி ஒரு மான் பார்க்கும்.
விழுவேன்.
அது மெல்லுவதை நிறுத்தாது.

போன வெள்ளி இரவு
சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவனை
சந்தியில் ரோச் அடித்து மறித்தார் பொலிஸ்காரர்.
ஊதிப் பார்க்கிற சாமான் கைவசம் இல்லையாம்.
வெள்ளைக் கோட்டில் நட, என்றார்.

கோடு!

முழங்காலின் பூட்டைத் திறந்தேன்.
பட்டியைக் கட்டினேன்.
ஒரு காலை வெறுமையாக வைத்து, மெல்ல நிரப்பி,
மற்றதை வெறுமையாக்கி,
ஈரத் தரையில் பூனை போவதுபோல் போனேன்.
பத்தடி.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
பின்னால் ஓர் ஓட்டோ
ஹோர்ன் அடித்து அலுத்து எஞ்சினை அணைத்தது.
"என்னது இது, நாடகமா?"
உடைந்த தமிழில் கேட்டார்.
"தாச்சி, சேர்."
அவருக்கு என்ன கேட்டதோ,
போ என்று ரோச்சை ஆட்டினார்.

கோடு முடிந்த இடத்தில்
கொஞ்சம் சரிந்தேன், இடப்பக்கம்.
பக்கத்தில் விளக்குக் கம்பம் இருந்தது.
பிடிக்கவில்லை.
சரிவு எங்கிருந்து வருகிறதென்று பார்த்துக்கொண்டு நின்றேன்.
கணுக்காலின் உட்பக்கம்,
மணலுக்குக் கீழே ஒரு சின்ன நண்டு
திரும்பிப் படுப்பதுபோல.
படுக்கட்டும் என்று விட்டேன்.